காகா மாளிகை: ஒரு ஜப்பானியப் பிரபுவின் இரவல் நிலம் பல்கலைக்கழகமான கதை

1600ஆம் ஆண்டில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விதவை எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, பிணையாக அனுப்பப்பட்டார். பெயர் மாட்சு. கணவர் மாயேதா தோஷியே முந்தைய ஆண்டு இறந்திருந்தார். தந்தையின் இடத்துக்கு வந்த மகன் தோஷினாகா தமக்கு எதிராகச் சதி செய்வதாக, பிறகு ஷோகனாக, அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவராக வந்த தோகுகாவா இயேயாசு சந்தேகப்பட்டார். படையெடுத்து வந்தால் மாயேதாக்களால் தாக்குப்பிடிக்க முடியாது. தாயை அனுப்பி மகன் தலை தப்பினார். தோஷினாகா 1614இல் இறந்த பிறகுதான் மாட்சுவால் மாயேதாக்களின் ஊரான கனசாவா திரும்ப முடிந்தது. அப்போதும் சும்மா விட்டுவிடவில்லை. அடுத்த பிரபு தோஷிட்சுனேவைப் பெற்ற தாய், மாட்சுவுக்குப் பதிலாக எடோவுக்குப் போனார்.

டோக்கியோவில் 'டைம்யோ மாளிகை', அதாவது பிரபுவின் மாளிகை, என்று சுற்றுலாக் கையேடுகள் அழகாக எழுதும் இடங்களுக்கெல்லாம் ஆணிவேர் இதுதான். பிணையாளிகளைத் தங்கவைக்கும் ஏற்பாடாகத் தொடங்கி, பிறகு தூதரகமாக, படைவீரர் குடியிருப்பாக, செல்வத்தைப் பறைசாற்றும் மேடையாக அது வளர்ந்தது. மாயேதா குடும்பத்தின் ஹோங்கோ மாளிகையை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஜப்பானின் பிரபுக்களில் அவர்களே முதல் பணக்காரர்கள். அவர்களது காகா ஆட்சிப்பகுதியின் மதிப்பு பத்து லட்சம் கோக்குவுக்கும் மேல். ஒரு கோக்கு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி, ஒரு மனிதனுக்கு ஓர் ஆண்டுச் சாப்பாடு. பத்தாயிரம் கோக்கு இருந்தாலே ஒருவர் டைம்யோ என்று கணக்கில் வந்துவிடுவார் என்றால், காகா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது விளங்கும். அவர்களின் ஹோங்கோ வளாகம்தான் இன்று டோக்கியோ பல்கலைக்கழகம்.

இரவல் நிலம்

எடோவில் எந்த டைம்யோவுக்கும் தன் மாளிகை நின்ற மண் சொந்தமில்லை. ஷோகன் கொடுப்பார், வேண்டாமென்றால் திரும்ப வாங்கிக்கொள்வார், இடம் மாற்றச் சொன்னால் மாற வேண்டும். வாடகை கிடையாது, ஆனால் கட்டுவதும் பராமரிப்பதும் எரிந்தால் மறுபடி கட்டுவதும் பிரபுவின் செலவு. எடோவில் எரிவதற்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மாயேதாக்களின் தலைமை மாளிகை முதலில் ஷோகனின் கோட்டைக்கு அருகிலேயே இருந்தது. 1657இன் மெய்ரேகி பெருந்தீ எடோவின் பெரும்பகுதியையும் கோட்டையின் பிரதான கோபுரத்தையும் தின்றது. அதன் பிறகு பிரபுக்களின் மாளிகைகளைக் கோட்டையிலிருந்து விலக்கி வெளியே பரப்பினார்கள். மாயேதாக்களும் நகர்ந்தார்கள். 1682இல் இன்னொரு தீ. அதற்கு அடுத்த ஆண்டு முதல் ஹோங்கோவே அவர்களது தலைமை மாளிகையாயிற்று. அந்த நிலம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களுக்குக் கிடைத்திருந்தது, ஆனால் அதுவரை இரண்டாம் நிலை வீடாகத்தான் இருந்தது.

தலைமை மாளிகை, நடு மாளிகை, கீழ் மாளிகை என்று பெரிய பிரபுக்கள் மூன்று அடுக்காக வைத்திருந்தார்கள். தலைமை மாளிகையில் பிரபுவும் மனைவியும் இருப்பார்கள். நடு மாளிகை வாரிசுக்கும் ஓய்வுபெற்ற தந்தைக்கும். கீழ் மாளிகை நகரின் ஓரத்தில் இருக்கும். தோட்டமும் கிடங்கும், தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமும் அதுதான். ஹோங்கோ வளாகம் சுமார் 85 ஏக்கர். காகாவின் கீழ் மாளிகை இடாபாஷியில் கிட்டத்தட்ட 180 ஏக்கர் பரந்திருந்தது. எடோவின் டைம்யோ மாளிகைகளில் அதுவே மிகப் பெரியது. நகரம் முழுவதும் இப்படித்தான்: பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிலம் சாமுராய் வகுப்பின் கையில். மக்கள்தொகையில் பாதியாக இருந்த வணிகரும் கைவினைஞரும் மிச்சத்தில் ஒரு பங்கில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

1635இல் ஷோகன் இயெமிட்சு பிணை ஏற்பாட்டைச் சட்டமாக்கினார். ஒவ்வொரு பிரபுவும் ஓர் ஆண்டு எடோவில், ஓர் ஆண்டு சொந்த மண்ணில் இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே. நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடிகளில் இரண்டைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்: எடோவுக்குள் நுழையும் துப்பாக்கி, எடோவிலிருந்து வெளியேறும் பெண். சில தலைமுறைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. பிரபுக்கள் எடோவில் பிறந்து எடோவில் வளர்ந்து, பட்டத்துக்கு வந்த பிறகே தாங்கள் ஆளும் ஊரை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கனசாவாவிலிருந்து எடோவுக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். பன்னிரண்டு, பதின்மூன்று நாள் நடை. காகாவின் ஊர்வலத்தில் இரண்டாயிரம் பேர் வருவது வழக்கம். உச்ச காலத்தில் நாலாயிரம் வரை போனது. வழியிலுள்ள ஒவ்வொரு சத்திர ஊரிலும் இத்தனை பேருக்கும் சோறும் பாயும் வேண்டும். வெள்ளத்தில் ஆறு கடக்க முடியாமல் ஒரு நாள் தங்கினால் அந்த நாளின் செலவும் தலையில் விழும். இது பிரபுக்களை ஓட்டாண்டியாக்கவே போட்ட திட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று 1635 ஆணையே சொல்கிறது. பணத்தைக் கரைத்தது ஷோகனின் சூழ்ச்சியைவிடப் பிரபுக்களின் போட்டி மனப்பான்மைதான். பக்கத்து வீட்டுப் பிரபு முந்நூறு ஈட்டியோடு வந்தால் நாம் இருநூறோடு போவதா என்ற வீம்பு.

மதிலுக்குள்ளே

ஹோங்கோ மாளிகையில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை வாழ்ந்தார்கள். ஒரு சிற்றூர் என்றே சொல்லலாம். நடுவில் பிரபுவின் அரண்மனையும் தோட்டமும். சுற்றிலும் நீளநீளமான வரிசை வீடுகள். அவற்றில் வெளிவரிசையின் பின்சுவரே மதிலாகவும் நின்றது. தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பியிட்ட சிறு சன்னல்களோடு நீளும் ஓட்டுக்கூரைதான். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு ஓராண்டுப் பணிக்கு வந்த சாமுராய்கள். ஓர் அறையில் பலர். சுழற்சி முறையில் காவல். மற்ற நாட்களில் செய்வதற்குப் பெரிதாக வேலை கிடையாது. வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும், மாலைக்குள் திரும்ப வேண்டும்.

மாளிகைக்குச் சொந்தத் தீயணைப்புப் படை உண்டு. காகா தோபி என்று பெயர். ஆள் வாட்டசாட்டமாக இருந்தால்தான் சேர்ப்பார்கள். பகட்டான சீருடையோடு அவர்கள் கிளம்பினால் எடோவே வேடிக்கை பார்க்கும். தீயை அணைத்த பெருமை யாருக்கு என்று ஷோகனின் சொந்தத் தீயணைப்புப் படையோடு கைகலப்பில் இறங்கியதும் உண்டு.

1629இல் மாளிகை தன் வாழ்நாளின் பெரிய விருந்தைக் கண்டது. ஷோகன் இயெமிட்சுவும், பதவியை விட்டு விலகியிருந்த அவருடைய தந்தை ஹிதேதாதாவும் வருகை தந்தார்கள். ஷோகன் ஒரு பிரபுவின் வீட்டுக்கு வருவது பெரும் கௌரவம், பெரும் செலவும்கூட. அதற்கென்றே கட்டடங்கள் எழும்பின, தோட்டம் திருத்தப்பட்டது. பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் எழுப்பும்போது தொல்லியலாளர்கள் தோண்டியபோது, தூர்ந்துபோன பழைய குளம் ஒன்று வெளிப்பட்டது. உள்ளே மெருகிடாத மண் கிண்ணங்கள், சாப்பாட்டுக் குச்சிகள், மரத்தட்டுகள், அந்த ஆண்டைக் குறிப்பிடும் எழுத்துள்ள மரச்சீட்டுகள். அந்த மண் கிண்ணங்களை ஒருமுறைதான் பயன்படுத்துவார்கள். சாதம் உண்ட வாழை இலையைப் போல, எச்சில்பட்டதும் எறிந்துவிடுவது முறை. ஆவணங்கள் அந்த விருந்தின் மரியாதைகளைச் சொல்கின்றன. குளம் சொல்வது மறுநாள் கூட்டிப் பெருக்கியதை.

மாளிகையின் கழிவுக்குக்கூட மதிப்பிருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களின் உழவர்கள் எடோ மாளிகைகளோடு ஒப்பந்தம் போட்டு மலத்தை உரத்துக்காக அள்ளிப் போனார்கள். பதிலுக்குப் பணமோ காய்கறியோ கொடுத்தார்கள். மூவாயிரம் பேர் வாழும் பணக்கார மாளிகையின் ஒப்பந்தம் சும்மா கிடைக்காது.

ஷோகனின் பெண்ணும் சிவப்பு வாசலும்

ஹோங்கோவின் அடையாளமாக இன்று எல்லோரும் அறிந்தது ஆகாமோன், அதாவது சிவப்பு வாசல். அது எழும்பிய காரணம் ஒரு கல்யாணம். பதினோராவது ஷோகன் இயெநாரிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அத்தனை பேருக்கும் இடம் தேடிக் கொடுப்பது ஆட்சியின் தலைவலியாகவே இருந்தது. 21ஆவது மகள் யோஹிமேயை 1827இல் காகா பிரபு மாயேதா நரியாசுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஷோகனின் பெண் வந்தால் அவருக்குத் தனி அரண்மனை, தனிப் பணிப்பெண்கள், தனிச் சமையல், தனி வாசல். அந்த வாசல் செந்நிறத்தில் இருக்க வேண்டும் என்பது மரபு.

வாசலின் கூரையை அண்ணாந்து பார்த்தால் சம்பந்திகள் இருவரும் தெரிவார்கள். உச்சியில் தோகுகாவாக்களின் மூவிலைச் சின்னம், கீழே ஓரத்து ஓடுகளில் மாயேதாக்களின் பிளம் பூச்சின்னம். யார் மேலே, யார் கீழே என்பதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. இடையிடையே 'கல்வி' என்பதற்கான எழுத்தைத் தாங்கிய ஓடுகளும் உண்டு. அவை பல்கலைக்கழகக் காலத்துச் செருகல்.

பெண்ணைக் கொடுத்தது மரியாதைதான். ஆனால் யானையைக் கட்டித் தீனி போடும் மரியாதை. எடோச் செலவு ஏற்கனவே பல ஆட்சிப்பகுதிகளின் வருமானத்தில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுமை எங்கே போய் இறங்கியது என்று பார்க்க, மாளிகையின் மேல்மட்டத்தை விட்டுவிட்டு ஒரு கணக்குப்பிள்ளை வீட்டுக்குள் போக வேண்டும். இனோயாமா குடும்பம் காகாவில் பரம்பரையாகக் கணக்கு எழுதியது. யோஹிமேயின் கல்யாணச் செலவுகளையும் அவர் வீட்டுக் கொள்முதலையும் பார்க்கும் பொறுப்பு இனோயாமா நோபுயுகிக்கு வந்தது. பதவி உயர்ந்தது. கூடவே எடோ வாழ்க்கையும் அந்தஸ்துக்கேற்ற செலவும் வந்து, கடன் கழுத்தை நெரித்தது. ஆண்டு வருமானத்தைப்போல் இரு மடங்கு கடன் சேர்ந்தபோது, 1842இல் குடும்பமே உட்கார்ந்து வீட்டுச் சாமான்களை விற்றுக் கடனின் ஒரு பகுதியை அடைத்தது. அன்று முதல் 1879 வரை ஒரு காசு விடாமல் எழுதிய வீட்டுக் கணக்கு இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. குழந்தையின் சடங்கு விருந்துக்குச் செந்நிறக் கடல் மீன் வைக்க வேண்டும், வாங்கப் பணமில்லை. மீனின் படத்தை வரைந்து வைத்துச் சமாளித்தார்கள் என்பதும் அந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. ஊரார் கணக்கைச் சரிபார்ப்பவர் வீட்டில் காகித மீன். காகா மாளிகையின் பொருளாதாரத்தை இதைவிட நன்றாகச் சொல்லும் புள்ளிவிவரம் எனக்குக் கிடைக்கவில்லை.

காலியான நகரம்

1862இல் ஷோகனின் ஆட்சி ஆட்டம் கண்டிருந்தது. மேற்கத்தியக் கப்பல்கள் வந்துவிட்டன, கடற்கரைப் பாதுகாப்புக்குப் பிரபுக்களின் பணம் தேவைப்பட்டது. ஆகவே எடோவில் தங்கும் கட்டாயத்தை மூன்று ஆண்டுக்கு நூறு நாள் என்று குறைத்து, மனைவி மக்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். இரண்டரை நூற்றாண்டாக அடைத்துவைத்த கதவு திறந்ததும் என்ன நடக்கும்? மாளிகைகள் காலியாயின. அவர்களை நம்பிப் பிழைத்த கடைக்காரர்களும் கூலிகளும் தவித்தார்கள். யோஹிமேயும் கனசாவா போனார். 1868இல் அங்கேயே இறந்தார். அதே ஆண்டில் ஷோகன் ஆட்சி விழுந்தது, ஹோங்கோ மாளிகையின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. சிவப்பு வாசல் தப்பியது.

இரவல் நிலம் என்பதன் முழுப் பொருளும் இப்போதுதான் வெளிப்பட்டது. புதிய மெய்ஜி அரசிடம் பணமில்லை. ஆனால் தலைநகரின் நடுவில் ஏக்கர் ஏக்கராகப் பெரிய மனைகள் அதன் கையில் வந்து விழுந்தன. ஷோகன் கொடுத்த நிலத்தை ஷோகனின் இடத்துக்கு வந்த அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் வாதம். என்ன செய்வதென்று முதலில் அவர்களுக்கும் தெரியவில்லை. 1869இல் காலி மாளிகைகளில் முசுக்கொட்டையும் தேயிலையும் பயிரிடச் சொன்னார்கள். தலைநகரின் நடுவில் பட்டுப்புழுத் தீனித் தோட்டம்! அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு மனைக்கும் ஒரு தலையெழுத்து. ஷோகன் குடும்பத்தின் கிளையான மித்தோ தோகுகாவாக்களின் கோயிஷிகாவா மாளிகை ஆயுதத் தொழிற்சாலையாயிற்று. அதன் தோட்டம் மட்டும் கோராகுஎன் என்று தப்பி நிற்கிறது. இன்னொரு கிளையான ஓவாரி தோகுகாவாக்களின் தோயாமா மாளிகை ராணுவத்துக்குப் போனது. நைதோ குடும்பத்தின் மாளிகை இன்றைய ஷின்ஜுகு கியோஎன் பூங்கா. காகாவின் இடாபாஷி மாளிகையில் 1876இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. தோட்டத்தின் ஊடே அழகுக்காக ஓடிய ஷாகுஜி ஆற்றின் நீர் இப்போது மருந்தரைக்கும் சக்கரத்தைச் சுற்றியது. அந்தப் பகுதிக்கு இன்றும் காகா என்றே பெயர்.

ஹோங்கோ 1871இல் கல்வி அமைச்சகத்துக்குப் போனது. 1876இல் மருத்துவக் கல்லூரி அங்கே குடியேறியது, 1877இல் டோக்கியோ பல்கலைக்கழகம் பிறந்தது. அழைத்துவரப்பட்ட வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்ததும் புதர்மண்டிய காகா வளாகத்துக்குள்தான். ஓமோரி சிப்பி மேட்டைத் தோண்டி ஜப்பானியத் தொல்லியலுக்கு வழிதிறந்த அமெரிக்கர் எட்வர்ட் மோர்ஸ் அங்கே குடியிருந்தார். பக்கத்தில் மித்தோவினரின் நடு மாளிகை இருந்த இடத்தருகே 1884இல் ஒரு மண்பானை கிடைத்தது. அந்தப் பகுதியின் பெயரான யாயோய், ஜப்பானிய வரலாற்றுக்கு முந்தைய ஒரு காலகட்டத்துக்கே பெயராகிவிட்டது.

டைம்யோக்களின் மரபு என்றால் வாள், கவசம், தேநீர்ச் சடங்கு என்று அடுக்குவது வழக்கம். டோக்கியோவைப் பொறுத்தவரை உண்மையான மரபு நில அளவைப் படம்தான். பாரிஸில் அகன்ற தெருக்களுக்காக ஆயிரக்கணக்கான வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. டோக்கியோ தன் பல்கலைக்கழகத்தையும் படைமுகாமையும் பூங்காவையும் கிட்டத்தட்ட ஒருவரையும் வெளியேற்றாமல் வைத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்தவர்கள் 1862இலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

குடும்பம் போன வழி

மாயேதாக்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை. 1884இல் மார்க்விஸ் என்னும் உயர்குடிப் பட்டம் கிடைத்தது. ஹோங்கோ வளாகத்தின் தென்மேற்கு மூலை அவர்கள் கையிலேயே இருந்தது. 1910இல் பேரரசர் மெய்ஜி அங்கே விருந்துக்கு வந்தார். 1926இல் பல்கலைக்கழகத்துக்கு இந்த மூலையைக் கொடுத்துவிட்டு, கோமாபாவில் அதன் வேளாண் நிலத்தில் ஒரு பகுதியைப் பதிலுக்குப் பெற்றார்கள். 1929இல் ஆங்கிலேய டியூடர் பாணியில் ஒரு மாளிகை, அடுத்த ஆண்டு அதை ஒட்டி ஒரு ஜப்பானிய மாளிகை. நூற்றுக்கும் மேற்பட்ட பணியாட்கள். குடும்பத் தலைவர் தோஷினாரி ராணுவ அதிகாரி. லண்டனில் ராணுவத் தூதராக இருந்தவர். 1942இல் போர்னியோ படைத் தளபதியாக விமானத்தில் சென்றபோது கடலில் விழுந்து இறந்தார். போருக்குப் பின் அமெரிக்கப் படைத் தளபதிகள் அந்த வீட்டில் குடியேறினார்கள். இன்று அது மெகுரோ வட்டாரத்தின் பொதுப்பூங்கா. வளாகத்தை ஒட்டி சொன்கேய்காக்கு நூலகம் இருக்கிறது. ஐந்தாம் பிரபு ட்சுனநோரி 17ஆம் நூற்றாண்டில் தேடித்தேடிச் சேர்த்த ஏடுகள் அதில் உள்ளன. "காகாவே நாடு முழுவதற்குமான நூற்களஞ்சியம்" என்று அறிஞர் அராய் ஹாகுசேகி வியந்த தொகுப்பு அது.

டைம்யோ குடும்பம் ஒன்று வாழ்ந்த வீட்டை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் டோக்கியோவில் தேடிப் பயனில்லை, கனசாவா போக வேண்டும். சிவப்பு வாசலுக்குக் காரணமான அதே நரியாசு, தாய் முறையிலிருந்த ஷின்ர்யூயினுக்காக 1863இல் கட்டிய செய்சொன்காக்கு அங்கே கென்ரோகுஎன் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது. மாடியறையின் கூரையில் ஐரோப்பாவிலிருந்து வந்த அல்ட்ராமரைன் நீலம். கதவுகளில் இறக்குமதிக் கண்ணாடி. தோட்டத்தைப் பார்த்த ஒரு தாழ்வாரத்தில், பார்வையைத் தடுக்கத் தூணே இல்லாதபடி கூரையைத் தாங்கவைத்திருக்கிறார் தச்சர். காவலும் பகட்டும் வேண்டாத இடத்தில் இவர்களின் ரசனை எப்படி இருந்தது என்பது இங்கேதான் தெரிகிறது. பக்கத்திலுள்ள கனசாவா கோட்டைக்குள்ளும் போருக்குப் பின் ஒரு பல்கலைக்கழகம் வந்து உட்கார்ந்தது. 1990களில் அது மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது.

நிற்பதும் புதைந்ததும்

ஹோங்கோவில் தரைக்கு மேல் மாயேதாக்களின் காலத்தைச் சேர்ந்ததாகச் சிவப்பு வாசலும், தோட்டத்தின் குளமும்தான் சொல்லும்படியாக உள்ளன. குளத்தை மாணவர்கள் சன்ஷிரோ குளம் என்கிறார்கள். 1908இல் வெளிவந்த ஒரு நாவலின் நாயகன் பெயர். பிரபுக்கள் வைத்த பழைய பெயர் வழக்கொழிந்துவிட்டது. வாசலும் பிறந்த இடத்தில் இல்லை. 1903இல் அதைச் சுமார் 15 மீட்டர் தெருப்பக்கம் நகர்த்தினார்கள். 1923இன் நிலநடுக்கத்தையும் போர்க்கால வான்தாக்குதலையும் தாங்கியது. நிலநடுக்கம் தாங்கும் திறன் போதுமா என்ற கேள்வியில் 2021 பிப்ரவரியில் மூடப்பட்டது.

தரைக்கு அடியில் இருப்பது அதிகம். 1980கள் முதல் பல்கலைக்கழகம் கட்டடம் எழுப்பும் இடங்களில் முதலில் தொல்லியலாளர்களை இறக்குகிறது. நிலவறைகள், கிணறுகள், குப்பைக்குழிகள், உடைந்த பீங்கான், மீன் எலும்புகள். வரிசை வீட்டுச் சாமுராய் எந்தக் கிண்ணத்தில் குடித்தார், எந்த மீனைத் தின்றார் என்பதை எந்த அரண்மனை ஆவணமும் எழுதி வைக்கவில்லை, குழிகள்தான் சொல்கின்றன. ஆனால் இது கட்டடத்துக்கு வழிவிடும் அகழாய்வு. அளந்து, படம் வரைந்து, பொருள்களை எடுத்த பிறகு அந்த மண் அடுக்கு அடித்தளத்துக்காக வெட்டி அகற்றப்படும். ஒரு மருத்துவமனைக் கட்டடம் வந்தால்தான் 1629இன் விருந்து தெரியவரும். தெரியவந்த இடத்தில் பிறகு விருந்தின் தடம் இருக்காது. வாசலைக் காப்பாற்ற எவ்வளவு செலவிடலாம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். குழிகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. மூவாயிரம் பேரில் வாசல் வழியாகப் போனவர்கள் சிலர், குழிக்குள் எச்சிலை எறிந்தவர்கள் எல்லோரும் என்பதால், என் ஓட்டு குழிகளுக்கே.